என்ஐசியுவிலிருந்து (பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவு) குழந்தை வீட்டுக்கு வந்தாச்சு. அடுத்து எதற்கு, யாரிடம், எப்போது போக வேண்டும்?

வைகைக்கரை

வணக்கம். எங்களுக்குப் பெண் குழந்தை. 30 வாரத்திலேயே பிறந்துவிட்டாள், பிறந்த எடை 1,240 கிராம். மனைவிக்கு பிபி ஏறியதால் அவசர சிசேரியன். குழந்தைக்கு முதலில் மூக்கு வழியாக அழுத்தத்தோடு காற்று கொடுக்கும் சிபாப், அப்புறம் மூக்கில் ஆக்சிஜன், மஞ்சள் காமாலைக்கு நீல விளக்கு, நடுவில் ஒரு இன்ஃபெக்‌ஷன், அதற்கு அமிக்காசின் ஊசி. நேற்றுதான் டிஸ்சார்ஜ். இன்று 26ஆவது நாள், எடை 1,540. இப்போது உசிலம்பட்டிப் பக்கம் மாமியார் வீட்டில் இருக்கிறார்கள்.

டிஸ்சார்ஜ் சம்மரியின் கடைசிப் பக்கத்தில் ‘ஓஏஈ பாஸ். ஆர்ஓபி ஸ்க்ரீனிங், பெரா, தலை ஸ்கேன் ரிபீட், ஹை ரிஸ்க் கிளினிக்’ என்று ஒரே வரியில் எழுதியிருக்கிறார்கள். எதற்கும் தேதி போடவில்லை. அந்த மருத்துவமனையில் கண் டாக்டர் கிடையாது, “வெளியில் காட்டிக்கொள்ளுங்கள்” என்றார்கள்.

அத்தை சொல்வது வேறு. “தீட்டு கழியாம பச்ச உடம்புக்காரியையும் பிள்ளையையும் வாசப்படி தாண்ட விடமாட்டேன், நாப்பது நாள் போகட்டும்” என்கிறார். பார்க்கப் பிள்ளை நன்றாகத்தான் இருக்கிறாள். கண் திறந்து விளக்கைப் பார்க்கிறாள். இந்த லிஸ்டில் எது அவசரம், எது கொஞ்சம் பொறுக்கும்?

இரவுப்பணி

அரசு மருத்துவமனையில் பச்சிளங்குழந்தை சிகிச்சைப் பிரிவு நர்ஸ் நான். மற்றதெல்லாம் அப்புறம் பேசலாம், முதலில் கண். நாளைக்கே போன் போட்டு அப்பாயின்ட்மென்ட் வாங்குங்கள். நாற்பது நாள் வரை பொறுக்கிற விஷயம் இல்லை இது.

நம் நாட்டில் 34 வாரத்துக்கு முன் பிறந்த, அல்லது 2,000 கிராமுக்குக் குறைந்த எல்லாக் குழந்தைக்கும் 30 நாளுக்குள் முதல் கண் பரிசோதனை முடிந்திருக்க வேண்டும். 28 வாரத்துக்கு முன் பிறந்தவர்களுக்கும் 1,200 கிராமுக்குக் கீழே உள்ளவர்களுக்கும் இன்னும் முன்னதாக, இரண்டு மூன்று வாரத்திலேயே. உங்கள் குழந்தை அந்தக் கோட்டை 40 கிராமில் தாண்டியிருக்கிறாள், அவ்வளவுதான்.

காரணம் இது. விழித்திரையின் ரத்தக் குழாய்கள் நடுவிலிருந்து ஓரம் நோக்கி வளர்ந்துகொண்டே போகும், பத்து மாதம் நிறையும்போதுதான் ஓரத்தை எட்டும். குறைமாதத்தில் பிறந்து ஆக்சிஜனும் கிடைத்த குழந்தைக்கு அந்த வளர்ச்சி பாதியில் நின்று, பிறகு தாறுமாறாகக் கிளம்பலாம். அதைத்தான் ஆர்ஓபி என்கிறார்கள். முற்றினால் விழித்திரையையே பிடுங்கி இழுத்துவிடும். சிகிச்சை தேவைப்படும் கட்டத்தில் கண்டுபிடித்தால் இரண்டு மூன்று நாளுக்குள் லேசரோ ஊசியோ போட்டுப் பெரும்பாலும் பார்வையைக் காப்பாற்றலாம். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுமே தெரியாது. சீழ் வராது, சிவக்காது, குழந்தை விளக்கைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கும். கண்மணி வெள்ளையாகத் தெரிகிறது என்று பெற்றோர் ஓடிவரும்போது விழித்திரை கழன்றிருக்கும்.

உங்களுக்கு மதுரை பக்கம்தான். அரவிந்த் போன்ற பெரிய கண் மருத்துவமனையில் விழித்திரைப் பிரிவைக் கேட்டு, “குறைமாதக் குழந்தை, ஆர்ஓபி பார்க்க வேண்டும்” என்று சொல்லுங்கள். சாதாரணக் கண் கிளினிக்கில் டார்ச் அடித்துப் பார்த்து “நல்லா இருக்கு” என்று அனுப்பினால் அது கணக்கில் சேராது.

வைகைக்கரை

நன்றி சிஸ்டர். அத்தையிடம் எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை. இன்னொன்று, பரிசோதனை எப்படி இருக்கும்? இவ்வளவு சின்னப் பிள்ளைக்கு வலிக்குமா?

கொல்லைப்புறம்

தம்பி, உங்க அத்தையை எதிர்த்துப் பேசாதீங்க, கூடவே கூட்டிட்டுப் போங்க. காத்துக் கருப்பு பயம்னா துணிப்பையில ஒரு இரும்புத் துண்டும் வேப்பிலையும் போட்டுக்கிடட்டும், யாருக்கு என்ன நஷ்டம். பெரியவங்க பயப்படுறது பிள்ளைக்குக் குளிரடிக்கும், சீக்கு ஒட்டும்னுதான். அது நியாயமான பயம். பஸ் வேணாம், கார் வச்சுப் போயிட்டு வந்துடுங்கன்னு சொன்னா ஒத்துக்குவாங்க. டாக்டர் வாயால ஒரு தடவை கேட்டுட்டாங்கன்னா அடுத்த தடவை தேதியை அவங்களே ஞாபகப்படுத்துவாங்க பாருங்க.

இரவுப்பணி

அம்மா சொன்னதுதான் சரி.

பரிசோதனை பற்றி: முதலில் கண்மணி விரியச் சொட்டு மருந்து விடுவார்கள், சில நிமிட இடைவெளியில் இரண்டு மூன்று முறை. முக்கால் மணி, ஒரு மணி நேரம் ஆகலாம். அப்புறம் மரத்துப்போகச் சொட்டு விட்டு, இமை மூடாமல் சின்னக் கம்பிக் கிளிப் வைத்து, டாக்டர் தலையில் விளக்கு மாட்டிக்கொண்டு பார்ப்பார். பார்க்க நமக்குத்தான் வயிற்றைக் கலக்கும். பிள்ளை கத்துவாள், சில நிமிடத்தில் முடிந்துவிடும். உங்கள் மனைவியால் முடியாது என்றால் வெளியே உட்காரட்டும், அத்தையோ நீங்களோ துணியில் இறுக்கிச் சுற்றிப் பிடித்துக்கொள்ளுங்கள்.

போவதற்குச் சற்று முன் வயிறு முட்டப் பால் கொடுக்க வேண்டாம், வாந்தி எடுத்துப் புரையேறும். ஒரு மணி நேரம் முன்பே கொடுத்துவிடுங்கள். தொப்பி, சாக்ஸ், மாற்றுத் துணி எடுத்துக்கொள்ளுங்கள், அந்த இடங்களில் ஏசி ஓடும். வீட்டுக்கு வந்த பிறகு அன்றைக்கும் மறுநாளும் மூச்சையும் பால் குடிப்பதையும் கூடுதலாகக் கவனியுங்கள். சில குழந்தைகள் சோர்ந்துபோகும்.

முக்கியமானது இது: முதல் தடவை “ஒன்றும் இல்லை” என்று சொன்னால் அத்தோடு முடிந்துவிடவில்லை. ரத்தக் குழாய் இன்னும் ஓரத்தை எட்டியிருக்காது, அதனால் ஒரு வாரத்திலோ இரண்டு வாரத்திலோ திரும்ப வரச் சொல்வார்கள். “முழுசா வளர்ந்துவிட்டது” என்று அவர்கள் எழுதிக் கொடுக்கும் வரை போக வேண்டும். எங்கள் வார்டிலிருந்து போகிற பிள்ளைகளில் முதல் பரிசோதனைக்குப் பலரும் வந்துவிடுகிறார்கள். கைநழுவுவது இரண்டாவதும் மூன்றாவதும்தான். நல்லது என்று சொன்னார்களே, எதற்கு அலைய வேண்டும் என்று விட்டுவிடுகிறார்கள்.

கணக்குப்பிள்ளை

பயமுறுத்தாதீர்கள். என் அண்ணன் மகன் ஏழு மாதத்தில் பிறந்தவன். அப்போது பெட்டியும் கிடையாது, இந்த டெஸ்டும் கிடையாது. பஞ்சில் சுற்றி வைத்து வளர்த்தார்கள். இன்று இன்ஜினியர். ஒவ்வொரு டெஸ்டுக்கும் பில் போடத்தான் இத்தனை பெயர்.

இரவுப்பணி

உங்கள் அண்ணன் மகன் நன்றாக இருக்கட்டும் சார். அந்தக் காலத்தில் 1,240 கிராமில் பிறந்த எத்தனை பேர் பிழைத்தார்கள் என்பதையும் சேர்த்துத்தானே பார்க்க வேண்டும்? பிழைக்காத குழந்தைக்கு யாரும் கண் டெஸ்ட் பண்ணுவதில்லை. இப்போது பிழைக்க வைக்கிறோம், அதனால் பிழைத்த பிறகு வருவதையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

இன்னொரு விஷயம். அமெரிக்காவில் இந்தப் பரிசோதனைக்கான வரம்பு 1,500 கிராம் அல்லது 30 வாரம். நாம் 2,000 கிராம், 34 வாரம் என்று வைத்திருப்பது பில்லுக்காக அல்ல. ஆக்சிஜன் அளவைச் சீராகக் கட்டுப்படுத்தாத இடங்களில் கொஞ்சம் பெரிய குழந்தைகளுக்கும் இங்கே ஆர்ஓபி வருகிறது என்பதால்தான்.

தென்காசித் தூறல்

கணக்குப்பிள்ளை சாருக்கு ஒரு வழக்கைச் சொல்கிறேன். இது கோர்ட் தீர்ப்பு, யாரும் எடுத்துப் படிக்கலாம். 1996 ஆகஸ்டில் சென்னையில் ஒரு அரசு மருத்துவமனையில் 29ஆவது வாரத்தில் 1,250 கிராமில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. இன்குபேட்டரில் வைத்துக் காப்பாற்றி, செப்டம்பரில் வீட்டுக்கு அனுப்பினார்கள். விழித்திரையைப் பார்க்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. பெற்றோர் அதற்கப்புறமும் அதே டாக்டரிடம் காட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். நாலு மாதம் கழிந்து தடுப்பூசிக்காக வேறொரு டாக்டரிடம் போனபோதுதான் சந்தேகம் வந்தது. அமெரிக்கா வரை கொண்டுபோனார்கள், பார்வை திரும்பவில்லை. 2015 ஜூலை 1 அன்று உச்ச நீதிமன்றம் சுமார் ஒரு கோடியே 80 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. கிட்டத்தட்ட 19 வருஷம் கழித்து.

நீங்கள் சொல்லும் எடையும் வாரமும் ஏறக்குறைய அதேதான் வைகைக்கரை. நாளைக்கே போங்கள்.

என் மகனும் குறைமாதம்தான், இப்போது ஆறு வயது. கண்ணுக்கு லேசர் போட்டார்கள், பார்வை நன்றாக இருக்கிறது, கண்ணாடி மட்டும் போட்டிருக்கிறான். லேசர் போட்டவர்களுக்குக் கிட்டப்பார்வை, மாறுகண் வர வாய்ப்பு அதிகம் என்பதால் வருஷம் ஒருமுறை போகிறோம். அவனுக்குக் காலில்தான் இறுக்கம், சிபி, அதாவது பெருமூளை வாதம். அதைப் பற்றி இந்த இழையில் யாராவது பேசுவார்கள் என்று பார்த்தேன்.

மெல்ல மெல்ல

பேசுகிறேன் அண்ணா. நான் பிசியோதெரபிஸ்ட், குழந்தைகள் மட்டும்தான் பார்க்கிறேன்.

முதலில் வயதுக் கணக்கு. வைகைக்கரை அண்ணனின் மகள் பத்து வாரம் முன்னால் வந்துவிட்டாள். வளர்ச்சியைப் பார்க்கும்போது அந்தப் பத்து வாரத்தைக் கழித்துவிட வேண்டும், இரண்டு வயது வரை. காலண்டர்படி ஆறு மாதம் ஆகும்போது அவளுக்கு வளர்ச்சி வயது மூன்றரை மாதம்தான். “எதிர்வீட்டுப் பிள்ளை உட்காருது, நம்மது குப்புறக்கூட விழலையே” என்று அழாதீர்கள். அதே சமயம், கழித்த பிறகும் பின்தங்கியிருந்தால் “குறைமாசம்ல, மெதுவாத்தான் வரும்” என்று சமாதானம் சொல்லவும் கூடாது. என்னிடம் வருகிற பெற்றோரில் பாதிப்பேர் முதல் தவற்றையும் மீதிப்பேர் இரண்டாவது தவற்றையும் செய்கிறார்கள்.

கழித்த வயதில் என்ன பார்க்க வேண்டும்? இரண்டு மாதத்தில் முகம் பார்த்துச் சிரிக்க வேண்டும். நான்கு மாதத்தில் கழுத்து நிற்க வேண்டும். மூன்று நான்கு மாதத்துக்குப் பிறகும் கட்டைவிரலை உள்ளே மடக்கி முஷ்டி பிடித்தே இருந்தால், துணி மாற்றும்போது தொடை விரியாமல் கால்கள் கத்தரி போலக் குறுக்கே போனால், தூக்கினால் வில்லாக முதுகை வளைத்தால் காட்டுங்கள். ஒரு வயதுக்கு முன்பே “இவ இடக்கைக்காரி” என்று தெரிகிற மாதிரி ஒரே கையை மட்டும் நீட்டினால் அதையும் காட்டுங்கள். மற்றக் கை ஏன் வரவில்லை என்பதுதான் அங்கே கேள்வி.

வீட்டில் எல்லோரும் கொண்டாடுகிற ஒன்று உண்டு. நாலு மாதப் பிள்ளையை அக்குளில் பிடித்து நிறுத்தினால் நுனிக்காலில் விறைப்பாக ஊன்றி நிற்கும். “பாத்தீங்களா, இப்பவே நிக்கிறான்” என்று வீடியோ எடுத்து அனுப்புவார்கள். எனக்கு அந்த வீடியோவைப் பார்த்தால் பக்கென்று இருக்கும். அது பலம் இல்லை, இறுக்கமாக இருக்கலாம்.

இப்போது சிபியை ஆறு மாதத்துக்கு முன்பே பெருமளவு உறுதியாகச் சொல்ல முடிகிறது. பிரசவத் தேதியாகக் குறித்திருந்த நாளிலிருந்து சுமார் 12ஆவது வாரத்தில், குழந்தை விழித்து, அழாமல், மல்லாந்து படுத்திருக்கும்போது சில நிமிடம் வீடியோ எடுத்துப் பார்ப்போம். அந்த வயதில் உடம்பு முழுக்கச் சின்னச் சின்னத் துறுதுறுப்பான அசைவுகள் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அது இல்லவே இல்லை என்றால், ‘ஹைன்’ என்கிற நரம்புப் பரிசோதனையும் தலை ஸ்கேனும் சேர்த்துப் பார்த்து, பெயர் வைப்பதற்காகக் காத்திராமல் பயிற்சியைத் தொடங்கிவிடுவோம்.

தென்காசித் தூறல்

என் பையனுக்குப் பதினான்கு மாதத்தில்தான் சொன்னார்கள். அதுவரை காட்டிய இடங்களில் எல்லாம் “வெயிட் பண்ணலாம்” என்றார்கள். அந்த வார்த்தையை இப்போது கேட்டாலும் கோபம் வருகிறது. எடை ஏறுகிறதா, சளி இருக்கிறதா என்று பார்ப்பார்கள், சட்டையைக் கழற்றி ஒருமுறை கீழே படுக்கப்போட்டுப் பார்க்க யாருக்கும் நேரம் இருக்காது.

இப்போது வாக்கரைப் பிடித்து நடக்கிறான். ஒன்றாம் வகுப்பு போகிறான், வாய் ஓயாது.

எங்கள் பக்கம் ஆய்க்குடி அமர் சேவா சங்கம் இருக்கிறது. 1981லிருந்து இருக்கிற அமைப்பு. சின்னப் பிள்ளைகளுக்கு வீட்டருகிலேயே பயிற்சி கொடுக்கிற ஏற்பாடும் அங்கே உண்டு. சென்னையில் இருப்பவர்களுக்கு வித்யாசாகர் என்ற அமைப்பும், முட்டுக்காட்டில் இருக்கிற மத்திய அரசு நிறுவனமும் உண்டு.

கணக்குப்பிள்ளை

வருத்தமாக இருக்கிறது தூறல். தெரியாமல் பேசியதாக எடுத்துக்கொள்ள வேண்டாம், செலவைப் பற்றிய என் கேள்வி அப்படியேதான் இருக்கிறது. பிசியோ ஒரு தடவைக்கு 400, 500 வாங்குகிறார்கள். கூலி வேலை செய்கிறவன் வாரம் மூன்று தடவை எப்படிப் போவான்?

மெல்ல மெல்ல

நல்ல கேள்வி. மாவட்டத்துக்கு ஒன்று என்று தொடக்கநிலை இடையீட்டு மையம் வைத்திருக்கிறார்கள், எல்லோரும் டிஇஐசி என்றுதான் சொல்வார்கள். அரசு மருத்துவக் கல்லூரி அல்லது மாவட்டத் தலைமை மருத்துவமனை வளாகத்தில் இருக்கும். 2013இல் வந்த குழந்தைகள் நலத் திட்டத்தில் தொடங்கியது, 18 வயது வரை இலவசம். தனியாரில் பிறந்த குழந்தையும் போகலாம், இது பலருக்குத் தெரிவதில்லை. டாக்டர், பிசியோ, பேச்சுப் பயிற்சி, காது, கண் எல்லாம் ஒரே இடத்தில் இருக்க வேண்டும் என்பது ஏற்பாடு. நடைமுறையில் சில மாவட்டங்களில் ஏதாவது ஒரு நாற்காலி காலியாகத்தான் இருக்கும். போவதற்கு முன் கேட்டுக்கொண்டு போங்கள்.

அப்புறம், பயிற்சி என்பது என் டேபிளில் நடக்கிற அரை மணி நேரம் இல்லை. பால் கொடுக்கும்போது எப்படிப் பிடிப்பது, தூக்கும்போது எந்தப் பக்கம் உருட்டித் தூக்குவது, கையை நடுவில் கொண்டுவந்து விளையாட வைப்பது, விழித்திருக்கும்போது நம் நெஞ்சில் குப்புறப் போடுவது, இதையெல்லாம் அம்மாவுக்குக் கற்றுக்கொடுப்பதுதான் பாதி வேலை. அதற்குக் காசு கிடையாது. சக்கரம் வைத்த வாக்கரை மட்டும் யார் பரிசாகக் கொடுத்தாலும் பரணில் போட்டுவிடுங்கள். தூறல் அண்ணன் மகன் பிடித்து நடக்கிற வாக்கர் வேறு, இது வேறு. இதில் நுனிக்கால் பழக்கம் வரும், கவிழ்ந்து மண்டை உடையும். கனடாவில் 2004லேயே விற்பனையைத் தடை செய்துவிட்டார்கள்.

பஞ்சுமிட்டாய்

எல்லோரும் பிள்ளையைப் பற்றிப் பேசுகிறீர்கள். வைகைக்கரை, உங்கள் மனைவி எப்படி இருக்கிறார்?

நான் 31 வாரத்தில் பெற்றவள். என்ஐசியுவில் மானிட்டர் இருந்தது, மூச்சு நின்றால் அது கத்தும். வீட்டில் மானிட்டர் கிடையாது, நான்தான் மானிட்டர். ராத்திரி முழுக்க நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன். பம்பில் பால் எடுத்து, பாலாடையில் சொட்டுச் சொட்டாகப் புகட்டி, பாத்திரத்தைக் கொதிக்க வைத்து முடிப்பதற்குள் அடுத்த வேளை வந்துவிடும். வருகிறவர்கள் எல்லாம் “இவ்ளோ சின்னதா இருக்கே, நல்லா சாப்பிட்டியா இல்லையா” என்று என்னைத்தான் கேட்டார்கள். பிள்ளை மேல் எனக்கு எதுவுமே தோன்றாத நாட்களும் இருந்தன. அதை வெளியே சொல்ல முடியாது.

ராத்திரி ஒரு வேளையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். அவர் நாலு மணி நேரம் சேர்ந்தாற்போலத் தூங்கட்டும். எதிலும் ஒட்டாமல் இருந்தால், காரணமில்லாமல் அழுதால், மனநல உதவிக்கு டெலிமானஸ் 14416 என்ற எண் இருக்கிறது, தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. பிள்ளையைக் காட்டப் போகிற டாக்டரிடமே இதையும் சொல்லலாம்.

வைகைக்கரை

படித்துக் காட்டினேன். அழுதுவிட்டாள். ராத்திரி இரண்டு மணிப் பால் இனி என் பொறுப்பு.

கண் மருத்துவமனையில் நாளை மறுநாள் வரச் சொல்லியிருக்கிறார்கள், அத்தையும் வருகிறார். கார் ஏற்பாடு செய்துவிட்டேன். வீட்டில் வைத்துப் பார்ப்பது பற்றிச் சில கேள்வி. குளிப்பாட்டலாமா? அத்தை உரை மருந்து கொடுக்கலாம், சாம்பிராணி போடலாம் என்கிறார். எண்ணெய் தேய்க்கலாமா?

இரவுப்பணி

எண்ணெய் தேய்க்கலாம். தேங்காய் எண்ணெயை மெதுவாகத் தடவினால் போதும், நீவி முறுக்கி உருவ வேண்டாம். மூக்கு, காது, தொப்புளில் எண்ணெய் விடவே கூடாது. இரண்டு கிலோ தாண்டும் வரை வெந்நீரில் துணி நனைத்துத் துடைத்தால் போதும். உரை மருந்து, வசம்பு, கழுதைப்பால், கிரைப் வாட்டர் எதுவும் வேண்டாம், தாய்ப்பாலும் டாக்டர் எழுதிய சொட்டும் மட்டும். சாம்பிராணிப் புகை ஆக்சிஜனில் இருந்து வந்த நுரையீரலுக்கு ஆகவே ஆகாது. கொசுவத்தியும் அதே கணக்கு. அத்தையிடம் “வேண்டாம்” என்று மட்டும் சொல்லாமல், செய்வதற்கு ஒரு வேலை கொடுங்கள். கங்காரு பராமரிப்பு கொடுக்கச் சொல்லுங்கள்.

வார்டில் உங்கள் மனைவிக்குச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். டயப்பரும் தொப்பியும் மட்டும் போட்டு, பிள்ளையை நெஞ்சோடு நெஞ்சாக நிமிர்த்தி வைத்துத் துணியால் கட்டிக்கொள்வது. 1978இல் கொலம்பியாவின் பொகோட்டாவில் இன்குபேட்டர் போதாமல் தொடங்கியது. இன்று இன்குபேட்டர் இருக்கிற இடத்திலும் இதையே உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது, ஒரு நாளைக்குக் குறைந்தது எட்டு மணி நேரம். அம்மா குளிக்க, சாப்பிடப் போகும்போது பாட்டி கட்டிக்கொள்ளலாம், நீங்களும்தான். இரண்டரை கிலோ வரும்போது பிள்ளையே நெளிந்து “போதும்” என்று காட்டிவிடும்.

சொட்டு மருந்தில் ஒரு எச்சரிக்கை. வைட்டமின் டி3 சொட்டு ஒரு மில்லிக்கு 400 யூனிட் என்றும் வருகிறது, 800 யூனிட் என்றும் வருகிறது. கடைக்காரர் கம்பெனியை மாற்றிக் கொடுத்தால் அளவே இரண்டு மடங்காகிவிடும். அட்டையைப் படித்து, டாக்டர் எழுதிய யூனிட்டோடு ஒப்பிட்டு, பாட்டிலில் பேனாவால் எத்தனை மில்லி என்று எழுதி ஒட்டிவிடுங்கள். இரும்புச் சத்துச் சொட்டின் ஃபில்லரையும் இதன் ஃபில்லரையும் மாற்றிப் போடக் கூடாது.

எடையை வாரம் ஒருமுறை, ஒரே தராசில் பாருங்கள். இப்போதைக்கு நாளுக்கு 20, 25 கிராம் கூடினால் நிம்மதி. பால் குடிக்க மறுப்பது, உடம்பு சில்லிடுவது, நெஞ்சுக்குழி உள்வாங்கி மூச்சு விடுவது, நீலம் பாய்வது, வலிப்பு, இதில் எது வந்தாலும் விடியட்டும் என்று உட்காராமல் 108ஐக் கூப்பிடுங்கள்.

அரியலூரான்

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எங்கள் மகன் நிறைமாதம், எடை மூன்று கிலோ. பிறந்தவுடன் அழவில்லை. இரண்டாம் நாள் வலிப்பு. இரண்டு வாரம் உள்ளே இருந்தான். இப்போது மூன்று மாதம், வலிப்பு மருந்து கொடுக்கிறோம். எடை இருக்கிறதே, இவனையும் ஹை ரிஸ்க் என்று ஏன் சொல்கிறார்கள்? ஒரு சொந்தக்காரர், “பெரிய ஆஸ்பத்திரியில் உடம்பைக் குளிர வைக்கும் சிகிச்சை இருந்தது, நீங்கள் அங்கே போயிருக்க வேண்டும்” என்றார். அன்றிலிருந்து மனைவி சரியாகச் சாப்பிடுவதில்லை.

இரவுப்பணி

அந்தச் சொந்தக்காரருக்கு என் சார்பில் ஒரு பதில் கொண்டுபோங்கள். 2021இல் ஒரு பெரிய ஆய்வு வந்தது, பெயர் ஹீலிக்ஸ். இந்தியா, இலங்கை, வங்கதேசம் மூன்று நாட்டு மருத்துவமனைகளில் 408 குழந்தைகள். குளிர்விப்பு சிகிச்சை பெற்றவர்களுக்கு ஊனம் குறையவில்லை, இறப்பு கூடியிருந்தது. பணக்கார நாடுகளில் பலன் கொடுத்த அதே சிகிச்சை இங்கே அப்படிக் கொடுக்கவில்லை. அதனால் கிடைக்காததை நினைத்து அக்கா தன்னை வருத்திக்கொள்ளத் தேவையே இல்லை.

ஹை ரிஸ்க் என்பது எடையை வைத்து மட்டும் இல்லை. மூளைக்குக் கொஞ்ச நேரம் ஆக்சிஜன் குறைந்தது, வலிப்பு வந்தது, ரத்தம் மாற்றும் அளவு மஞ்சள் காமாலை, மூளைக்காய்ச்சல், வென்டிலேட்டர், எல்லாமே அதில் வரும். வலிப்பு மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

மெல்ல மெல்ல

அரியலூரான் அண்ணா, உங்கள் மகனுக்கு வாரம் கழிக்கிற கணக்கு கிடையாது, மூன்று மாதம் என்றால் மூன்று மாதம்தான். அந்த வீடியோ எடுக்கிற வயது இதுவே. இந்த வாரம் எடுத்துவிடுங்கள், முகமும் கை காலும் முழுதாகத் தெரிய வேண்டும், வாயில் நிப்பிள் வேண்டாம், யாரும் பொம்மை ஆட்ட வேண்டாம். டிஇஐசிக்கு வீடியோவோடு போங்கள்.

செவிச்செல்வம்

காது பற்றி யாரும் பேசவில்லையே. நான் ஆடியாலஜிஸ்ட்.

வைகைக்கரை, ‘ஓஏஈ பாஸ்’ என்று இருப்பதைப் பார்த்து பெராவை விட்டுவிடாதீர்கள். ஓஏஈ, உள்காதிலிருக்கிற மயிர்ச் செல்கள் வேலை செய்கிறதா என்று மட்டும் சொல்லும். அங்கிருந்து நரம்பு வழியாக மூளைத்தண்டு வரை சத்தம் போகிறதா என்று சொல்லாது, அதைப் பார்ப்பது பெரா. காதைப் பாதிக்கக்கூடிய குறைமாதம், மஞ்சள் காமாலை, அமிக்காசின் மூன்றும் உங்கள் குறிப்பில் இருக்கின்றன. இப்படிப்பட்ட குழந்தைகளில் சிலருக்கு ஓஏஈ பாஸாகும், பெரா சரியாக வராது. அதனால்தான் என்ஐசியுவில் ஐந்து நாளுக்கு மேல் இருந்தவர்களுக்கு நரம்பு வழிப் பரிசோதனையே வேண்டும் என்பது.

எங்கள் கணக்கு ஒன்று, மூன்று, ஆறு. ஒரு மாதத்துக்குள் முதல் பரிசோதனை, மூன்று மாதத்துக்குள் குறை இருக்கிறதா இல்லையா என்ற முடிவு, இருந்தால் ஆறு மாதத்துக்குள் ஹியரிங் எய்டு. பெராவுக்குக் குழந்தை அசையாமல் தூங்க வேண்டும். இந்தச் சின்ன வயதில் பால் குடித்ததும் தானாகத் தூங்கிவிடும். ஒரு வயதில் வந்தால் தூக்க மருந்து கொடுத்தும் தூங்காமல் இரண்டு நாள் அலைவீர்கள்.

வீட்டில் தட்டைத் தட்டிப் பார்த்து “திரும்புறாளே” என்பது பரிசோதனை ஆகாது, அதிர்வுக்கும் நிழலுக்கும்கூடத் திரும்புவார்கள். ஒருவேளை காக்ளியர் இம்ப்ளான்ட் வரை போக வேண்டியிருந்தாலும், ஆறு வயதுக்குள் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் செய்கிறார்கள். ஆனால் ஆறு வயது வரை இருக்கிறதே என்று எண்ண வேண்டாம், பேச்சு வருவதற்கான காலம் அதற்குள் பெரும்பகுதி போய்விடும்.

வைகைக்கரை

போய் வந்துவிட்டோம். ஆர்ஓபி இல்லை, ஆனால் ரத்தக் குழாய் முழுதாக வளரவில்லை, ஸோன் 2, அதாவது விழித்திரையின் நடு வளையம் வரைதான் வந்திருக்கிறது என்று எழுதியிருக்கிறார்கள். இரண்டு வாரம் கழித்து வரச் சொன்னார்கள். அத்தைதான் பிள்ளையைப் பிடித்துக்கொண்டார். டாக்டர் சொல்லச் சொல்ல, “நாப்பது நாள்னு இருந்திருந்தா என்னாயிருக்கும்” என்று இரண்டு தடவை கேட்டுவிட்டார். காலண்டரில் அடுத்த தேதியை மஞ்சள் பேனாவால் அவரே வட்டம் போட்டிருக்கிறார். பெராவுக்கும் நாள் வாங்கிவிட்டேன்.

கடைசியாக ஒன்று. ஒன்றரை மாதத் தடுப்பூசி வருகிறது. அதற்கும் பத்து வாரம் கழிக்க வேண்டுமா? இவ்வளவு சின்னப் பிள்ளைக்கு முழு அளவு போடலாமா?

இரவுப்பணி

நல்ல செய்தி. அத்தைக்கு என் வணக்கம்.

தடுப்பூசிக்குக் கழிக்கக் கூடாது. பிறந்த தேதியை வைத்துத்தான் 6, 10, 14 வாரம், முழு அளவுதான். குறைமாதக் குழந்தைக்குக் கக்குவானும் நிமோனியாவும் வந்தால் மற்றவர்களைவிட மோசமாகும், அதனால் தள்ளிப்போடாதீர்கள். போவதற்கு முன் பிசிஜி, போலியோ, ஹெபடைட்டிஸ் பி மூன்றும் ஏற்கெனவே போட்டார்களா என்று சம்மரியில் பாருங்கள். எடை குறைவு என்று சில இடங்களில் பிசிஜியை நிறுத்தி வைத்திருப்பார்கள், அதைப் பிறகு யாரும் நினைவில் வைப்பதில்லை.

உங்கள் பகுதி கிராம சுகாதார செவிலியரிடம் பிக்மி எண்ணோடு (கர்ப்பத்தைப் பதிந்தபோது கொடுத்த எண்) போய், குழந்தை உசிலம்பட்டியில் இருக்கிறது என்று பதிந்துவிடுங்கள். தனியார் மருத்துவமனையில் பிறந்து, அம்மா வீட்டுக்குப் போன குழந்தைகள்தான் இரண்டு ஊர்ப் பட்டியலிலும் இல்லாமல் போகிறார்கள். புதன்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஊசி போடுவார்கள். போட்ட பிறகு அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்துவிட்டு வாருங்கள். காய்ச்சல் வந்தால் எத்தனை மில்லி பாராசிட்டமால் என்று அன்றைய எடைக்குக் கணக்குப் போட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

மெல்ல மெல்ல

வைகைக்கரை அண்ணா, பிரசவத்துக்கு முதலில் குறித்திருந்த தேதியைச் சொல்லுங்கள். அதிலிருந்து 12 வாரம் எண்ணி, வீடியோ எடுக்க வேண்டிய வாரத்தை இங்கேயே போட்டுவிடுகிறேன். அத்தை அந்தக் காலண்டரில் அதையும் வட்டம் போடட்டும்.